விரதத்தில் பூனையும் சேர்த்தியா?

மாசி பிறந்ததும் அங்கப்பன் விரதம் தொடங்கிவிட்டார். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவேரித் தண்ணீர் மொண்டு, காவடி கட்டிப் பழனிக்கு நடப்பது அவர் குடும்பத்தில் விட்டுப்போகாத வழக்கம். விரதம் இருந்தது என்னவோ அங்கப்பன்தான். உடம்பு இளைத்தது அவர் மனைவி மாரியாத்தாளுக்கும் வீட்டுப் பூனைக்கும். விரதத்தைக் கண்டுபிடித்தது ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். பாத்திரம் விளக்குகிறவள் கண்டுபிடித்திருந்தால் இத்தனை சட்டம் போட்டிருக்க மாட்டாள்.

சட்டங்கள் கொஞ்சமா? விடியுமுன் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் அடுப்பைத் தொடக் கூடாது. ஒரு தடவை புழங்கிய பாத்திரத்தைப் புளி போட்டு விளக்காமல் மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது. கவுச்சி வாசமே வீட்டுக்குள் வரக் கூடாது. எந்த உயிரையும் கொல்லக் கூடாது. மூட்டைப்பூச்சி கடித்தால்கூட எடுத்து வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். இதற்கு நடுவில் வெள்ளகோவிலிலிருந்து பங்காளிகள் வந்து தங்கிக் காவடி விஷயம் பேசுவார்கள். காவடி விஷயம் பேசுகிறவர்களுக்கும் வேளைக்குப் பசிக்கும்.

கோயம்புத்தூர்க் கோட்டைமேட்டின் ஓரத்தில், முன்பக்கம் பருத்திக்கொட்டைக் கடையும் பின்பக்கம் வீடுமாக அவர்கள் இருந்தார்கள். நீலகிரியின் பைக்காராவிலிருந்து கரண்ட் வந்து ஊரைச் சுற்றி மில்லுகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். ஊருக்கு வந்த கரண்ட் மாரியாத்தாளின் ஆட்டாங்கல்லுக்கு வரவில்லை. தினமும் பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, தவிட்டோடு கலக்கி இரண்டு எருமைகளுக்கும் அவள்தான் வைக்க வேண்டும். ஆட்டி ஆட்டி அவளுடைய வலது தோள் எப்போதும் கடுத்துக்கொண்டே இருந்தது. வலியில் படுத்தால் தூக்கம் வராது. உட்கார்ந்தால் வரும். உட்காரத்தான் நேரமில்லை.

பருத்திக்கொட்டை இருக்கிற இடத்தில் எலி இருக்கும். எலிக்காக வளர்த்த பூனை அது. அதற்குப் பெயர் ஒன்றும் வைக்கவில்லை. 'பூனை' என்றால் திரும்பிப் பார்க்கும். சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் மூன்று குட்டிகள் போட்டிருந்தது. விரதத்துக்கு முன்னால் வீட்டில் கோழி அடித்தால் கழிவெல்லாம் அதற்குத்தான். இப்போது மோர்ச்சோறு. அதை மோந்துவிட்டு மாரியாத்தாளை நிமிர்ந்து ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வைக்கு மாமியாரின் ஏச்சே தேவலாம்.

"எலி புடிச்சுத் திங்கறதுதானே, அதுக்குத்தானே வெச்சிருக்குது" என்பாள் மாமியார் சின்னாத்தாள். மூன்று குட்டிகள் உறிஞ்சி எடுத்த உடம்பு. எலியைத் துரத்த அதன் காலில் தெம்பில்லை. இது மாரியாத்தாளுக்குத் தெரியும். காலில் தெம்பில்லாமல் வேலை பார்ப்பது எப்படியிருக்கும் என்று அந்த வீட்டில் அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

பின்கட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் ஆமினா பீவியின் வீடு. நல்ல மனுஷி. துணி உலர்த்தும்போது மதில்மேல் தலை நீட்டி இரண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டாள். ஒரு நாள் மத்தியானம் அவள் பூனையைப் பார்த்துவிட்டாள்.

"ஏனம்மணி, உங்கூட்டுப் பூனைக்குச் சீக்கா? எலும்பும் தோலுமா நிக்கிதே."

"விரதமுங்க."

"விரதம் உங்கூட்டுக்காரருக்குத்தானே? பூனையுமா காவடி எடுக்குது?"

மாரியாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"எங்கூட்டுக்கு இன்னிக்குக் கெண்ட மீனு வந்திருக்குது. கொடலும் தலையும் கழிச்சு வெச்சிருக்கறேன். போடட்டுமா?"

"ஏனுங்க, மீனு தின்னு பழகுன பூன எலி புடிக்காதுன்னு எங்கத்தை சொல்றாங்க. மீனு பூனைக்கு ஆகுமுங்களா?"

"இதென்ன புள்ள கேள்வி? பூனைக்கு மீனு ஆகாதுன்னா வேற யாருக்கு ஆகும்?"

மீன் ஆகும். வீட்டுக்குள்தான் ஆகாது. மாரியாத்தாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பூனையை வயிற்றோடு தூக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டாள். அந்தப் பக்கம் தின்றால் அந்த வீட்டுக் கணக்கு. விரதத்தில் பூனையும் சேர்த்தியா என்று சாமிதான் சொல்ல வேண்டும். சாமி அப்படியெல்லாம் பார்க்காது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

துணி துவைக்கும் கல்லடியில் பூனை சத்தமே இல்லாமல் தின்றது. தின்று முடித்து மதிலேறி வந்ததும் அவள் ஈரத்துணியால் அதன் வாயையும் மீசையையும் துடைத்துவிட்டாள். சின்னாத்தாளின் மூக்கு லேசுப்பட்டதில்லை. பூனை துடைக்க விட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. அன்றைக்கு முழுவதும் அவள் செய்த வேலைகளில் அது ஒன்றுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து பூனை தள்ளாடிக்கொண்டு வந்தது. நடுக்கூடத்தில் பக்கவாட்டில் விழுந்தது. கால்கள் விறைத்தன, வாயில் நுரை தள்ளியது. எழுந்து சுவரில் போய் முட்டிக்கொண்டு மறுபடி விழுந்தது. மாரியாத்தாள் யோசிக்காமல் ஓடிப்போய்த் தூக்கினாள். அது வெடுக்கென்று அவள் கட்டைவிரலுக்குக் கீழே பல்லை இறக்கிவிட்டது.

"நங்கை, உட்டுப்போட்டு வாங்க இந்தப் பக்கம்! வெறி புடிச்சிருக்குது!" என்று கொழுந்தன் பாலுசாமி கத்தினான். கத்திக்கொண்டே உலக்கையை எடுத்துவிட்டான்.

"வெய்யிடா கீழ. விரதத்துல உசுரக் கொல்லறதா?" என்றார் அங்கப்பன்.

சின்னாத்தாள்தான் காரியமாக ஒன்று செய்தாள். விரதத்தால் சும்மா கிடந்த கோழிகளை மூடிவைக்கிற மூங்கில் கொடாப்பைக் கொண்டுவந்து பூனையின்மேல் கவிழ்த்தாள். கொடாப்பின் உச்சியில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள். முனிசிபாலிடியில் வெறிநாய் பிடிக்கிற மாசாணத்தைக் காலையில் கூட்டிவந்து கொடுத்துவிடுவதென்று முடிவாயிற்று. தாங்கள் கொன்றால் பாவம், மாசாணம் கொன்றால் உத்தியோகம்.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் காயத்தைக் கழுவி எரிகிற மருந்து ஒன்றை ஊற்றினார். "காலதாமதம் பண்ணாதீங்க. நாளைக்கே குன்னூருக்குக் கூட்டிட்டுப் போங்க. தொப்புளச் சுத்தி ஊசி போடுவாங்க. ரெண்டு வாரம் தங்கோணும்" என்றார்.

திரும்பி வருகிற வழியில் அங்கப்பன், "வலிக்குதா, அம்மணி?" என்றார். அவர் அப்படிக் கேட்டு வருஷங்களாகியிருக்கும். மாரியாத்தாளுக்குப் பயமாகத்தான் இருந்தது. வெறிக்கடிபட்டுத் தண்ணீரைக் கண்டு அலறிச் செத்தவர்களைப் பற்றி அவளும் கேள்விப்பட்டிருக்கிறாள். ஆனால் பயத்துக்கு நடுவில் கனகத்தின் ஞாபகமும் வந்தது. நாய் கடித்துக் குன்னூர் போய் வந்த கனகம், வெள்ளகோவில்காரி. ஊசியின் வலியை ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டாள். மற்றதையெல்லாம்தான் நாள் கணக்கில் சொன்னாள். "காத்தால ஒரு ஊசி. அப்புறம் பொழுதுக்கும் ஒரு வேலையுமில்ல அம்மணி. சத்திரத்துல சோறு ஆக்கிப் போடறாங்க. தின்னுபோட்டு மலையப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுதான். எனக்கே வெக்கமாப் போச்சு."

வீட்டுக்கு வந்ததும் சின்னாத்தாள், "கடிபட்ட கை. ஏனம் பாத்திரத்தயெல்லாம் தொடாதே. போய் உக்காரு" என்று சொல்லிவிட்டாள். அன்று பருத்திக்கொட்டையை மாமியார் ஆட்டினாள். வேறொருத்தி கையால் ஆட்டாங்கல் சுற்றுகிற சத்தத்தை மாரியாத்தாள் சுவரில் சாய்ந்தபடி கேட்டாள். அது இவ்வளவு மெதுவான சத்தமென்று இத்தனை நாள் தெரியாது. இரண்டு வாரம், இரண்டு வாரம் என்று உள்ளே ஏதோ ஒன்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சாகிற பயத்தோடு அவள் அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள்.

விடிந்ததும் அங்கப்பன் மேட்டுப்பாளையம் ரயிலை விசாரிக்க ஸ்டேஷனுக்குப் போனார். பாலுசாமி மாசாணத்தைத் தேடிப் போனான். மாமியார் எருமை கறந்துகொண்டிருந்தாள். அப்போது மதிலுக்கு மேல் ஆமினா பீவியின் முகம் தெரிந்தது, பேயறைந்த மாதிரி.

"அம்மணி, பூன நல்லா இருக்குதா?"

"ஏனுங்க கேக்கறீங்க?"

"நேத்து மீனு கொண்டாந்த ஆளு இப்பத்தான் வந்து சொல்றான். நொய்யல் மடுவுல காக்காக்கொல்லி வெதய இடிச்சுப் போட்டு மயக்கிப் புடிச்ச மீனாமா. கொடல எடுத்துப்போட்டுக் களுவி ஆக்குனா மனுசருக்கு ஒண்ணும் பண்ணாதாமா. நாங்க நல்லாத்தான் இருக்கறோம். ஆனா நான் பூனைக்குக் கொடலத்தானே புள்ள போட்டேன்! மிச்சத்தக் கூரமேல வீசுனேன். நாலு காக்கா மௌத்தாக் கெடக்குது."

மாரியாத்தாள் மதிலில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தாள். ஓட்டுச் சரிவில் காக்கைகள் இறக்கை விரிந்து கிடந்தன.

"அப்ப வெறி இல்லீங்களா?" என்றாள்.

"வெறியா? யாருக்கு?"

சாவு விலகிவிட்டது. தப்பித்தோமடா சாமி என்று ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் அடுத்த நினைப்பு வந்துவிட்டது. குன்னூரும் போயிற்று. மலை போயிற்று, சத்திரத்துச் சோறு போயிற்று, உட்கார்ந்திருப்பது போயிற்று. நல்ல சேதி கேட்டு யாராவது இப்படி ஏமாந்துபோவார்களா என்று அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

"நான் வந்து உன்ற மாமியாகிட்டச் சொல்லிப்போடறேன். பழி என்மேலயே இருக்கட்டும்" என்றாள் ஆமினா பீவி. அவள் கண் கலங்கியிருந்தது.

"வேண்டாமுங்க. நானே சொல்லிக்கறேன்."

சொல்லவில்லை. சிரட்டையில் தண்ணீர் எடுத்துப் போய்க் கொடாப்பின் இடுக்கு வழியே உள்ளே தள்ளினாள். பூனை தலையைத் தூக்க முடியாமல் தூக்கி நக்கிக் குடித்தது. மூட்டைகளுக்குப் பின்னால் குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தால் பூனை பிழைக்கும். திறக்காவிட்டால் இரண்டு வாரம். சிரட்டையை வெளியே இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய் மறுபடி சுவரோரம் உட்கார்ந்தாள். அந்தச் சுவரைவிட்டு எழுந்திருக்க அவளுக்கு மனசில்லை.

மாமியார் தகரப்பெட்டியைத் திறந்து புடவைகளை அடுக்கினாள். தன்னுடைய கம்பளியையும் எடுத்து வைத்தாள். "குன்னூரு குளுருமாமா. இதையும் போத்திக்க" என்றாள். மாரியாத்தாள் தலையை மட்டும் ஆட்டினாள். அங்கப்பன் வந்து மத்தியான வண்டி இருக்கிறதென்றார். காவடிக்கு முன்னால் திரும்பிவிடலாம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உசுரு பெருசா காவடி பெருசா என்றார். ஒவ்வொருத்தரும் இப்படி நல்லவர்களாகிக்கொண்டே போனால் உண்மையை எந்த வாயால் சொல்வது?

மாசாணம் சாக்கும் இடுக்கியும் தடியுமாக வந்து சேர்ந்தான். அலுத்துப்போன மனுஷன். கொடாப்பைச் சுற்றி ஒரு நடை நடந்து குனிந்து பார்த்தான்.

"தண்ணி கிண்ணி குடிக்குதுங்களா?"

"அத யாரு பக்கத்துல போய்ப் பாத்தா?" என்றாள் சின்னாத்தாள்.

மாரியாத்தாளின் முந்தானைக்குள் சிரட்டை இன்னும் ஈரமாக இருந்தது.

மாசாணம் கல்லை இறக்கி வைத்தான். தடியை வாகாகப் பிடித்துக்கொண்டு கொடாப்பின் ஒரு பக்கத்தைத் தூக்கினான். பூனை ஓடவில்லை, சீறவும் இல்லை. சுற்றி நின்ற அத்தனை பேரையும் விட்டுவிட்டு மாரியாத்தாளை நிமிர்ந்து பார்த்தது. மோர்ச்சோற்றை மோந்துவிட்டுப் பார்க்கிற அதே பார்வை. பிறகு சோறு கேட்கிற குரலில் ஒரு தடவை கத்தியது.

"அடிக்காதீங்க!" என்று அவள் எழுந்துவிட்டாள். "வெறி இல்லீங்க. மீனு தின்னுச்சுங்க. காக்காக்கொல்லி போட்டுப் புடிச்ச மீனு. நானே மதில் தாண்டி உட்டுத் திங்க வெச்சேன். பாருங்க, அந்தக் கூரமேல காக்காயெல்லாம் செத்துக் கெடக்குது. காத்தால தண்ணி வெச்சேன், குடிச்சுதுங்க."

மாசாணம் தடியைத் தாழ்த்தினான். மதிலருகே போய் ஓட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு வந்தான். "தண்ணி குடிச்சுதுன்னா வெறி இல்லீங்க சாமி. எதுக்கும் பத்து நாளைக்குக் கட்டிப்போட்டுப் பாருங்க" என்றான்.

பாலுசாமிதான் முதலில் குதித்தான். "மீனா? விரத ஊட்டுல மீனா?" என்று தலையில் அடித்துக்கொண்டான். அவனுக்கு விரதம் கெட்டதில் கோபமா, உலக்கை வீணாய்ப் போனதில் கோபமா என்று சொல்ல முடியாது. அங்கப்பன் அவனைக் கையமர்த்திவிட்டு மனைவியின் எதிரில் வந்து நின்றார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"காத்தாலயே தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா பேசாம உக்காந்திருந்தே? தொப்புளச் சுத்தி ஊசி போடுவாங்கன்னாரே, காதுல உளுகலையா?"

"உளுந்துச்சுங்க."

"அப்புறம் ஏன் சொல்லலே?"

பொய் சொல்ல அவளுக்கு ஒரு காரணம் கிடைக்காமல் இல்லை. தேடுவதற்குத்தான் தெம்பில்லை. "ஊசி போட்டதுக்கு அப்புறம் சும்மா உக்காந்திருக்கலாமுங்களே. ரெண்டு வாரம்" என்றாள்.

மாசாணம் சாக்கைச் சுருட்டத் தொடங்கினான். சுருட்டியதைப் பிரித்து மறுபடியும் சுருட்டினான். அங்கப்பன் கெட்டவர் இல்லை. ஆனால் இப்படி ஒரு பேச்சை அவர் அதுவரை கேட்டதில்லை; அவருடைய அப்பாவும் கேட்டிருக்க மாட்டார். "விரதம் கெட்டுப்போச்சே" என்றார் கடைசியில். சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் வழக்கம்போல் நடந்தது. எல்லாரும் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும், வீட்டை விட்டத்திலிருந்து வாசல்வரை கழுவிச் சாணி மெழுக வேண்டும், இருக்கிற பாத்திரம் அத்தனையும் கிணற்றடிக்கு வந்தாக வேண்டும், நாளையிலிருந்து விரதம் புதிதாகத் தொடங்க வேண்டும். கடைப்பக்கமிருந்து பாலுசாமி வந்து இதையெல்லாம் ஒப்பித்தான். யார் கழுவ வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதை யாரும் சொன்னதே இல்லை.

வெயில் தாழ்கிற நேரம்வரை மாரியாத்தாள் கழுவினாள். கடித்த இடத்தில் சாம்பல் பட்டு எரிந்தது. தோள் மரத்துப்போயிருந்தது. கடிபட்ட கையால் ஏனத்தைத் தொடலாமா என்று இப்போது யாரும் கேட்கவில்லை. கிணற்றடி நிழலில் காலில் கயிற்றோடு பூனை கிடந்தது. மூன்று குட்டிகளும் அதன் வயிற்றில் முட்டிக்கொண்டிருந்தன. அதற்கும் ஓய்வு கிடையாது.

அண்டாவுக்கு அந்தப் பக்கம் சின்னாத்தாள் வந்து குந்தினாள். இன்றைக்கு நல்ல வசவு காத்திருக்கிறது என்று மாரியாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் ஒரு உருண்டை புளியை எடுத்துச் செம்பு ஒன்றை விளக்கத் தொடங்கினாள். அவளும் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள்தான். இந்த ஆட்டாங்கல்லே அவள் வந்த வருஷம் வாங்கியது.

"கனகம் போயிருந்தாளே குன்னூருக்கு. அங்க சோறு அவுங்களே ஆக்கிப் போட்டாங்களாமா?"

"ஆமாங்களாம், அத்தை."

"ஏனம்?"

"அதும் அவுங்களே வெளக்கிக்குவாங்களாமுங்க."

செம்பு ஏற்கெனவே பளபளவென்று ஆகிவிட்டிருந்தது. சின்னாத்தாள் அதையே தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நிறுத்திவிட்டு நிழலில் கிடந்த பூனையைப் பார்த்தாள்.

"அந்தக் கெரகம் புடிச்சது என்ற கையில ஒரு கடி கடிச்சிருக்கப்படாதா?" என்றாள். "நானா இருந்தா வாயவே தொறந்திருக்க மாட்டேன், கண்ணு."